மாப்பிள்ளை வீட்டு டிவி

என் மாமியார் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். இதை அவரே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். என் கொழுந்தனுக்குத் திருமங்கலத்தில் பெண் முடிவானபோதும் அதையேதான் சொன்னார். "நாங்க எதுவும் கேக்கல. ஒங்க பொண்ணுக்கு நீங்க என்ன செய்வீகளோ அதைச் செய்ங்க." பெண்ணைப் பெற்றவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிற வாக்கியம் இது. கேட்டாலாவது பேரம் பேசலாம், கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லலாம். கேட்காதவரிடம் எதைக் குறைக்கச் சொல்வது?

அவர் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. திருநகரில் எங்கள் வீட்டு ஹாலில், சுவரோடு சேர்த்து சிமெண்டில் கட்டிய ஒரு ஷோகேஸ் இருந்தது. சுற்றிலும் சின்னச் சின்ன அறைகளில் பீங்கான் பொம்மைகள், நடுவில் டிவிக்கென்று ஒரு பெரிய சதுரம். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே, தொண்ணூறுகளின் நடுவில், எனக்காகத்தான் அதைக் கட்டினார்கள். எனக்காக என்றால் நான் கொண்டு வரப்போகும் டிவிக்காக. என் அப்பாவும் அம்மாவும் வீடு பார்க்க வந்தபோது அதில் வெள்ளைகூட அடித்திருக்கவில்லை. அம்மா அந்தச் சதுரத்தைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். சோழவந்தானில் வெற்றிலை வியாபாரம் செய்துகொண்டிருந்த என் அப்பா ஒரு கலர் டிவி வாங்கிக் கொடுத்தார்.

அந்த டிவி உழைக்கிற அளவுக்கு உழைத்தது. முதலில் எல்லோர் முகமும் பச்சையானது, பிறகு படம் சுருங்கியது, கடைசியில் நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு மிஞ்சியது. ரிப்பேர்க்காரர் வந்து பார்த்துவிட்டு, பிக்சர் டியூப் போய்விட்டது, இதற்குச் செலவு செய்வதற்குப் புதிதாகவே வாங்கிவிடலாம் என்றார். மாமியார் அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டார். புதிதாக எதுவும் வாங்கவில்லை.

"வரப்போறவ கொண்டு வருவா. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார். பக்கத்து வீட்டம்மாவிடம், "இப்பல்லாம் பிளாட்டுதான் குடுக்குறாக" என்று ஒரு வார்த்தை கூடுதலாகவும் சொன்னார்.

பெண் வீட்டார் வீடு பார்க்க வந்த அன்று மாமியார் அந்தச் சதுரத்தை ஈரத்துணியால் துடைத்து வைத்தார். ஸ்டெபிலைசரை மட்டும் உள்ளே வைத்து, பிளக்கில் சொருகி, சிவப்பு விளக்கு எரியவிட்டார். பெண்ணின் அப்பா திருமங்கலத்தில் தையல்கடை வைத்திருந்தவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காபி குடித்தார். அவர் மனைவி ஸ்டெபிலைசரைப் பார்த்தார், பிறகு தன் கணவரைப் பார்த்தார். நான் பலகாரத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மாவின் பார்வை அப்படியே அந்த அம்மாவின் முகத்தில் இருந்தது. இவர்களை இந்த டிவியை வாங்க விடக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நான் அப்போது கப்பலூர் தொழிற்பேட்டையில், ரப்பர் வாஷர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பேக்கிங் சூபர்வைசர். தீபாவளி போனஸ் வந்திருந்தது. கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "எதுக்கு வம்பு? அம்மா பாத்துக்கும்" என்றார். அவருடைய எல்லாப் பேச்சும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு நானே டவுனுக்கு பஸ் ஏறினேன்.

மேலமாசி வீதியில் அந்தக் கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளர் என் கையில் ஒரு கலர் சோடாவைக் கொடுத்து உட்கார வைத்தார்.

"வாங்கக்கா. கல்யாணத்துக்குங்களா?"

"கல்யாணத்துக்குத்தான்."

"அப்ப செட்டாவே பாத்துருவோம். டிவி, பிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர். பொண்ணு ஒங்களுக்குத் தங்கச்சியாக்கா?"

"பொண்ணு வீடு இல்ல. நாங்க மாப்ள வீடு."

அவர் கையில் இருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார். "மாப்ள வீட்ல யாருக்கா டிவி வாங்குவா?" என்று கேட்டார். கிண்டல் எதுவும் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"நான் வாங்குவேன். இருக்குறதுலயே கொறைஞ்ச வெலைக்கு ஒரு பிளாட் டிவி காட்டுங்க."

பிளாட்தான் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். சாதா டிவி வாங்கி வைத்தால், பிளாட் வரட்டும் என்று மாமியார் மறுபடியும் காத்திருப்பார். விற்பனையாளர் பெயர் தெரிந்த கம்பெனிகளின் பெட்டிகளை வரிசையாகக் காட்டிக்கொண்டே போனார். நான் தலையை ஆட்டிக்கொண்டே போனேன். கடைசியில், கடையின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒன்று இருந்தது. கம்பெனி பெயரை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

"கம்பெனி புதுசுக்கா. உள்ள இருக்குற சாமான் எல்லாத்துலயும் ஒன்னுதான்" என்றார்.

போட்டுக் காட்டினார். முகம் மட்டும்தான் தட்டை. முதுகு பழைய டிவியின் கூனல் மாறாமல் அப்படியே இருந்தது. குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் யாராவது திரையில் வந்தால் இடது மூலையில் லேசாக ஊதா படிந்தது. அதைக் காட்டிக் கேட்டேன்.

"அது பாக்கப் பாக்கச் சரியாயிரும்க்கா."

"எது சரியாகும்? டிவியா, என் கண்ணா?"

அவர் சிரித்துவிட்டு, அதற்காகவே ஒரு டிவி கவரை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தார். பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, கால் இரண்டையும் அண்டக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழங்காநத்தம் தாண்டும்வரை ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் "மெதுவாண்ணே, மெதுவாண்ணே" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். திருப்பரங்குன்றம் வந்ததும் ஆட்டோக்காரர் பொறுக்க முடியாமல் திரும்பி, "பச்சப்புள்ள மாதிரில்ல கொண்டு போறீக" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் வாழ்க்கையில் நானே போய்ப் பார்த்து, நானே பிடிவாதம் பிடித்து வாங்கிய முதல் பெரிய பொருள் அது.

வீட்டில் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் பெட்டியை ஹாலில் இறக்கி வைத்துவிட்டுப் போகும்வரை புடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னத்தா இது?"

"டிவி அத்தை."

"அது தெரியுது. யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. நம்ம வீட்லதான் யாரும் எதுவும் கேக்க மாட்டோமே."

முறத்தைக் கீழே வைத்தார். "அந்த எடத்துல இதைக் கொண்டாந்து வச்சிட்டா, வாரவ கொண்டு வாரதை எங்க வைக்கிறது?"

"அவ கொண்டு வர வேணாம் அத்தை."

"அதைச் சொல்ல நீ யாரு?"

"அந்த எடத்துக்கு மொதல்ல டிவி கொண்டு வந்தவ."

அப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. பெட்டியைப் பிரித்தேன், தெர்மாக்கோலை உருவினேன், டிவியைத் தூக்கிச் சதுரத்துக்குள் வைத்தேன். கணவர் வேலை முடிந்து வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், போய் கேபிள் ஒயரைத் தேடி எடுத்துச் சொருகினார். அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

மாமியார் அந்த டிவியைப் பார்ப்பதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டார். சாயங்காலமானால் சீரியல் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். போகிறவர் சும்மா போக மாட்டார். "எங்க வீட்ல இருக்குறது எல்லாருக்கும் ஊதாவாத் தெரியுது" என்று தெருவில் சொல்லிக்கொண்டே போவார். என் கொழுந்தன் மட்டும், அவர் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் வந்து கிரிக்கெட் போடுவான். கல்யாண மாப்பிள்ளை அவன்தான். தன் கல்யாணத்தைப் பற்றித் தானே ஒரு வார்த்தை பேசாத பையன். "நல்லாத்தான இருக்கு மதினி" என்பான். அவன் சொன்னதைக்கூட நான் அப்போது பெரிய ஆதரவாக எடுத்துக்கொண்டேன்.

வாங்கினால் மட்டும் போதாது, பெண் வீட்டுக்கும் தெரிய வேண்டும். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகை விஷயமாகப் போவதாகச் சொல்லிவிட்டுத் திருமங்கலம் போனேன். தையல்கடையில் இரண்டு மிஷின்கள். ஒன்றில் பெண்ணின் அப்பா உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"எங்க வீட்டுக்கு டிவி வாங்கியாச்சு. பிளாட்டுதான். நீங்க அதை மட்டும் விட்டுருங்க. யாரும் எதுவும் சொல்ல மாட்டாக, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவர் நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தார். "பெரிய மனசு தாயி" என்றார். பிறகு, "எம்புட்டு இன்ச்சு?" என்று கேட்டார்.

"இருபத்தொன்னு."

"சரி தாயி" என்று தலையை ஆட்டினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு வீட்டுக்காவது இந்தத் தொல்லையை நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் திருப்பரங்குன்றத்தில், ஒரு மண்டபத்தில். முகூர்த்தத்துக்கு முன்னால் பெண் வீட்டார் நாதஸ்வரத்தோடு சீர் கொண்டு வந்தார்கள். நான் வாசலில் சந்தனக் கும்பாவோடு நின்றிருந்தேன். முதலில் தாம்பாளங்கள், பிறகு பித்தளைக் குடங்கள், எவர்சில்வர் பாத்திரங்கள், பீரோ, கட்டில். அதற்குப் பின்னால் இரண்டு பேர் குனிந்து, மூச்சு வாங்க, ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெரிய கம்பெனி. பெயர் இருக்கும் பக்கம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் பார்த்து இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் 29 என்று போட்டிருந்தது.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். சந்தனக் கும்பாவை என் கையிலிருந்து வாங்கி, தானே முன்னால் போய் அவர்களை வரவேற்றார்.

நான் பெண்ணின் அப்பாவைப் பந்தி நடக்கும் இடத்துக்குப் பின்னால், அண்டாக்கள் கழுவுகிற இடத்தில் பிடித்தேன்.

"வேணாம்னு நான் வந்து சொன்னேன்ல?"

"சொன்னீக தாயி. நான் மறக்கல. ஆனா எங்க பங்காளிக கேப்பாகள்ல, டிவிகூடப் போடாமயா பொண்ணை அனுப்புறன்னு? எம்பொண்ணுக்குத்தான அசிங்கம்."

"சரி. அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிசு?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பாவம். "அங்க ஏற்கெனவே இருபத்தொன்னு இருக்குன்னு நீங்கதானே தாயி சொன்னீக. அதுக்குக் கொறைச்சலாவோ, அதே அளவாவோ கொண்டாந்தா நல்லாருக்குமா?"

அண்டா கழுவுகிற தண்ணீர் என் பட்டுப்புடவையின் கரையை நனைத்துக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் அந்த மனிதர் ஒரு இருபத்தொன்றோடு முடித்திருப்பார். அவருடைய சுமையை இறக்குகிறேன் என்று போய், ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர்மேல், அவருடைய பங்காளிகள்மேல், அந்த மண்டபத்தில் பெட்டியைச் சுற்றி நின்று அளவு பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேர்மேலும் ஆத்திரம் வந்தது. நான் டிவி வாங்கியது தப்பு என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் வாங்கியதில் தப்பில்லை. ஒரு டிவியை வைத்து மனிதரை அளக்கிற அவர்கள் கணக்கில்தான் தப்பு.

சாயங்காலம் சீரெல்லாம் திருநகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மாமியார் என் டிவியை இறக்கித் தரையில் வைக்கச் சொன்னார். இரண்டு பேர் புது டிவியைத் தூக்கிச் சதுரத்தில் வைக்கப் பார்த்தார்கள். அது உள்ளே போகவில்லை. நேராகப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். சிமெண்ட் அசைந்து கொடுக்குமா? "காலைல கொத்தனாரைக் கூப்புட்டு, அந்தப் பக்கத்தை இடிச்சிருவோம்" என்றார் மாமியார். அவருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. வீடு கொள்ளாத சீர் வந்ததாக நாலு பேரிடம் சொல்லலாமே.

மறுநாள் மறுவீட்டுக்குப் போக வேண்டும். காலையில் சமையலறையில் புதுப்பெண்ணும் நானும் மட்டும் இருந்தோம். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அதுவரை என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசியிருக்க மாட்டாள். திடீரென்று, "அக்கா, அந்த டிவிய வாங்குறதுக்கு எங்கப்பா ஒரு மிஷினை வித்துட்டாரு" என்றாள். "அம்மா அதுலதான் தைக்கும்."

நான் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். திருமங்கலம் போனது, இன்ச் சொன்னது, எல்லாம். பரவாயில்லை அக்கா என்று அவள் சொல்லவில்லை. அழவும் இல்லை. கேட்டு முடித்துவிட்டு, "எங்க வீட்ல டிவியே கெடையாதுக்கா" என்றாள். துருவி முடித்து, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"அத்தை, இந்த டிவி எனக்குன்னு எங்கப்பா குடுத்ததுதானே?"

மாமியார் சிரித்தார். "பின்ன எனக்கா? நாங்கதான் எதுவும் கேக்கலையே. எல்லாம் ஒனக்குத்தான் செஞ்சிருக்காக."

"அப்ப அதை எங்க வைக்கணும்னு நான் சொல்லலாமா அத்தை?"

"சொல்லு. கொத்தனார் வந்துக்கிட்டு இருக்காரு. இங்கயே வச்சிருவோம்."

"இடிக்க வேணாம் அத்தை. நான் எங்கப்பா வீட்ல வச்சுக்கிறேன்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. மாமியாரின் சிரிப்பு நின்றது. பிறகு, "சீரைத் திருப்பி அனுப்புனா ஊர்ல என்ன நெனைப்பாகன்னு தெரியுமா ஒனக்கு? பொண்ணைப் புடிக்காம அனுப்பிட்டாகன்னு பேசுவாக" என்றார். அது பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் சீர் திரும்பி வந்தால் பெண்ணும் பின்னாலேயே வந்துவிடுவாள் என்றுதான் அர்த்தம்.

"நானும் கூடத்தானே போறேன் அத்தை. மறுவீடு முடிஞ்சு நான் இங்க வந்துருவேன். டிவி மட்டும் அங்க இருக்கும்."

மாமியார் மகனைப் பார்த்தார். என் கொழுந்தன் கதவோரம் பிடரியைச் சொறிந்துகொண்டு நின்றான். எல்லோரும் அவனையே பார்த்தோம். அவன் என் பக்கம் திரும்பி, "மதினி, லோடு ஆட்டோ சொல்லிரவா?" என்று கேட்டான்.

மாமியார் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது வெளியே வரவில்லை.

லோடு ஆட்டோவில் டிவியும் என் கணவரும், பின்னால் வாடகைக் காரில் மாப்பிள்ளை, பெண், நான். திருமங்கலத்தில் அந்தத் தெருவுக்குள் வண்டி திரும்பியதும் பெட்டியைப் பார்த்துவிட்டு வாசல் வாசலாக ஆட்கள் வந்து நின்றார்கள். ஆரத்தித் தட்டோடு வந்த பெண்ணின் அம்மா தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அப்பா ஓடி வந்தார். மகளிடமோ மாப்பிள்ளையிடமோ போகவில்லை. நேராக என்னிடம் வந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"என்ன கொறைன்னு சொல்லுங்க தாயி. சரி பண்ணிருவோம். புள்ளைய மட்டும்..."

அவர் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன். "ஒரு கொறையும் இல்லைங்க" என்றேன். அதற்குள் யாரோ, "சீர் திரும்பி வந்துருச்சு போல" என்று சொன்னது கேட்டது. கொஞ்சம் சந்தோஷமான குரல்தான்.

புதுப்பெண் காரிலிருந்து இறங்கி வந்து, ஆரத்திகூட எடுக்கும் முன்பே தெருவைப் பார்த்து நின்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசாகப் பளிச்சென்று இருந்தது.

"திரும்பி வரல. நான்தான் கொண்டு வந்தேன். எங்கப்பா எனக்குக் குடுத்தது, இங்க இருக்கணும்னு எனக்கு ஆசை."

"அப்ப அங்க டிவி வேணாமா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"அங்க டிவி இருக்கு தாத்தா. எங்க அக்கா வாங்குனது" என்று சொல்லி என்னைக் கைகாட்டினாள்.

அத்தனை வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் யாரும் ஒரு பொருளைக் காட்டி, இது இவள் வாங்கியது என்று வெளியாளிடம் சொன்னதில்லை. நான் வாங்கினால் அது நம்ம வீட்டுச் சாமான், என் அப்பா கொடுத்தால் அது சீரில் வந்தது. எனக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. ஒரு தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது, மண்டபத்தில் வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. துடைக்கவும் இல்லை.

கணவரும் கொழுந்தனும் டிவியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்ணின் அப்பா பிளக் எங்கே இருக்கிறது என்று தன் சொந்த வீட்டிலேயே தேடிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டம்மா ஒருவர் மட்டும் போகாமல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க மாப்ள வீடுதானே? இதுக்கு ஒங்க மாமியார் ஒத்துக்கிட்டாகளா?"

கணவர் வாசலுக்கு வந்து, வேண்டாம் என்பது போல எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"அவுக ஒத்துக்கிட்டா என்ன, ஒத்துக்கலேன்னா என்ன?" என்றேன். "இது இவ டிவி. இவ எங்க வைக்கிறாளோ அங்கதான் இருக்கும்."

தெருக்கோடி வரைக்கும் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.